ரெடிமேட் ‘ஹாஸ்டல் கிட்’: எதை எடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

கல்லூரி சேர்க்கை தொடங்கியதும் பாத்திரக் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘ஹாஸ்டல் கிட்’ என்று ஒரு மூட்டை விற்பனைக்கு வந்துவிடுகிறது. சுருட்டிய மெத்தை, தலையணை, பெட்ஷீட், துண்டு, வாளி, மக், பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சோப்பு டப்பா, ஹேங்கர், சான்றிதழ் ஃபைல் எல்லாம் ஒரே விலையில். சில தொகுப்புகளில் மின்சாரக் கெட்டிலும் உண்டு. கல்லூரி திறக்க நான்கு நாள் இருக்கும்போது பெற்றோருக்கு இது பெரிய வசதிதான். ஆனால் சாமான்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவே இவை கட்டப்படுகின்றன. உடம்பும் கையும் தினமும் படுகிற நான்கு பொருள்களில், அதாவது மெத்தை, பூட்டு, வாளி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றில்தான் தரத்தைக் குறைத்திருப்பார்கள். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே அதைத் தொடவில்லை. எடை, அளவு, முத்திரை இவற்றை வைத்தே பார்க்கலாம்.

முதலில் மெத்தை. கடைக்குப் போகும் முன் விடுதி அலுவலகத்தில் கட்டிலின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதிக் கட்டில்கள் பெரும்பாலும் 6 அடிக்கு 3 அடி அல்லது 6 அடிக்கு இரண்டரை அடி. மூன்றடி மெத்தையை இரண்டரை அடிக் கட்டிலில் போட்டால் விளிம்பு தொங்கும். ஒரே பருவத்தில் அந்தப் பக்கம் மடிந்து ஓரத் தையல் விட்டுவிடும். கட்டிலின் மேல்பரப்பு பலகையா, இரும்புத் தகடா, இடைவெளி விட்ட பட்டையா என்பதையும் கேட்க வேண்டும். பட்டைக் கட்டிலில் மெல்லிய ஃபோம் அந்த இடைவெளிக்குள் இறங்கும். காலையில் இடுப்பு வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

கிட்டில் வருவது பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு அங்குல ஃபோம். அட்டையில் ‘ஹை டென்சிட்டி’ என்றிருக்கும், எண் இருக்காது. தராசு இருந்தால் இதை நாமே கண்டுபிடித்துவிடலாம். 6 அடிக்கு 3 அடி, 4 அங்குல உயர மெத்தையின் கன அளவு சுமார் 0.17 கன மீட்டர். டென்சிட்டி 32 என்றால், அதாவது ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ என்றால், ஃபோம் மட்டும் 5.4 கிலோ இருக்க வேண்டும். 3 கிலோதான் இருக்கிறது என்றால் அது 18 டென்சிட்டி. இடுப்புப் படும் இடம் சில மாதங்களில் குழியாகிவிடும். உயரம் 2 அங்குலமானால் இந்த எடைகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இரண்டரை அடி அகலத்துக்கு 4 அங்குலம், 32 டென்சிட்டி என்றால் 4.5 கிலோ. உறையின் எடை தனி.

எடையை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். பல நிறத் துண்டுகள் சேர்த்து அழுத்தினாற்போல் இருந்தால் அது ரீபாண்டட் ஃபோம். எடை அதிகமாகவும் தொட்டால் கெட்டியாகவும் இருக்கும். பட்டைக் கட்டிலுக்கு இது நல்ல தேர்வு. மென்மையை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். டி.வி. பெட்டிக்குள் வருமே, அந்த மாதிரி வழுவழுப்பான வெள்ளைத் தகடு இருந்தால் அது பேக்கிங் ஃபோம். காற்று புகாது, வியர்வையை விடாது, ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. மடிக்கும் மெத்தைகளில் மலிவானவை பல இந்த ரகம். வாங்காதீர்கள்.

இலவம்பஞ்சு மெத்தை நம் வெயிலுக்கு ஏற்றது. போடி, தேனிப் பக்கத்துப் பஞ்சு கிடைத்தால் நல்லது. சிக்கல் பராமரிப்பில்தான். மாதம் ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்டாவிட்டால் பஞ்சு கட்டிதட்டிவிடும். மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூசண வாடை அடிக்கும். மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கும் விடுதி என்றால் இது வேண்டாம். வீசிங், தும்மல் தொந்தரவு உள்ள பிள்ளைக்கும் வேண்டாம். தையல் வழியே பஞ்சுத் தூசி வந்துகொண்டே இருக்கும். ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை உழைக்கும். ஆனால் மடிக்க முடியாது, கனமும் அதிகம். கல்லூரி இருக்கும் ஊரிலேயே வாங்கி ஆட்டோவில் ஏற்றுவதுதான் அதற்குச் சரி.

எந்த மெத்தையானாலும் அடியில் விரிக்க ஒரு பவானி ஜமக்காளம் கொடுத்து அனுப்புங்கள். இரும்புக் கட்டிலின் துருக்கறை மெத்தையில் ஏறாது. ஊரிலிருந்து தம்பி, தங்கை பார்க்க வந்தால் தரையில் விரிக்கவும் ஆகும். எந்தக் கிட்டிலும் இது இருப்பதில்லை.

பெட்ஷீட்டில் ‘காட்டன் ஃபீல்’, ‘கிளேஸ் காட்டன்’ என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது பாலியஸ்டர். சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுவிடும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில் பாலியஸ்டர் விரிப்பில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். சென்னிமலை, கரூர் பருத்தி விரிப்புகளில் 60க்கு 90 அங்குலம் இரண்டு போதும். ஒன்று துவைக்கப் போனால் ஒன்று. முதல் இரண்டு சலவையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள், சாயம் இறங்கும். தலையணை கிட்டில் வருவதே ஒரு வருடம் ஓடும். துண்டு மட்டும் தடிமனான டர்க்கி டவலாக வேண்டாம். அறைக்குள் கொடியில் போட்டால் அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கும், பிறகு நாற ஆரம்பிக்கும். ஈரிழைத் துண்டு மூன்று வைத்தால் போதும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்ட சாமான் என்பதால் இதில் சமரசம் கூடாது. கிட்டில் வருகிற பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பிளக்கில் இரண்டே முள் இருந்தால் எர்த் இல்லை என்று பொருள். மேலே மூன்று துளைகள் இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட பெட்டியில் இரும்பு உடல் கொண்ட மேசை விசிறியையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டிக் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் கையில்தான் இறங்கும். பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஐஎஸ் 1293 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, வயர் மூன்று கோர் (உள்ளே மூன்று தனித்தனிக் கம்பி) செம்புதானா, குறைந்தது 0.75 சதுர மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள். வயரின் மேலேயே அளவு அச்சிடப்பட்டிருக்கும்; அச்சே இல்லாத வயர் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீளமும் முக்கியம். கிட்டில் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் வரும். பல விடுதி அறைகளில் பிளக் பாயிண்ட் கதவோரம், மேசை ஜன்னலோரம் இருக்கும். 4 மீட்டர் இருந்தால் தாராளம். உபரி வயரைச் சுருட்டிக் கட்டி வைக்கக் கூடாது, சுருளுக்குள் சூடு தங்கும். லேப்டாப் சார்ஜர் 65 வாட், போன் சார்ஜர் 20, சின்ன மேசை விசிறி 50, எல்இடி விளக்கு 10 என்று கூட்டினாலும் 145 வாட்தான், ஒரு ஆம்பியர்கூட வராது. ஆகவே பெட்டி கெடுவது பெரும்பாலும் சுமையால் அல்ல, பிடிமானத்தால். எல்லா வகை முள்ளும் நுழையும் ‘யுனிவர்சல்’ துளைகளில் பித்தளைத் தகடு சீக்கிரம் அகன்றுவிடும். பிளக் ஆடும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் பழுப்பேறும். கடையிலேயே ஒரு சார்ஜரை மாட்டிப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நழுவி விழுந்தால் வேண்டாம்.

கெட்டில் விவகாரம் வேறு. 1500 வாட் கெட்டிலை 230 வோல்ட்டில் போட்டால் 6.5 ஆம்பியர் இழுக்கும். விடுதிச் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பாயிண்ட். பாயிண்ட் சூடேறும், டிரிப் ஆகவும் கூடும்; வார்டன் வந்து எடுத்துப் போவார். பெரும்பாலான விடுதி விதிகளில் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் சூடாக்கும் ராடு மூன்றுக்கும் தடை உண்டு. கெட்டில் சேர்த்து விற்கும் கிட்டில், பறிபோகப் போகிற சாமானுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க் வாங்கலாம். இரவு மெஸ் மூடும் முன் வெந்நீர் பிடித்து வைத்தால் காலை வரை சூடு நிற்கும்.

கிட்டில் வரும் பூட்டு, சூட்கேஸுக்குப் போடும் அளவுச் சின்னப் பூட்டு. இரும்பு உடம்பில் பித்தளைப் பூச்சு. இந்த ரகத்தில் சாவி வெட்டு வகைகள் குறைவு என்பதால் பக்கத்து அறைச் சாவியே திறந்துவிடும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலையாகச் செய்கிற லீவர் பூட்டுகள்; சாவி தூக்கித் திறக்கிற உள்தகடுதான் லீவர். அலமாரிக்கு 40 மி.மீ. அளவில் 5 அல்லது 6 லீவர் போதும். பெரிய பூட்டு வாங்கினால் பாதுகாப்பு என்று 60 மி.மீ. வாங்குபவர்கள் உண்டு. அதன் வளைகம்பி அலமாரிக் கொண்டியின் துளைக்குள் நுழையாது. அறைக்கதவுப் பூட்டை அறைத் தோழர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்வது வழக்கம். ஆளுக்கொரு சாவி வேண்டும் என்பதால் அதை அங்கே போய் வாங்குவதே சரி. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. தூசி ஒட்டி லீவர் மாட்டிக்கொள்ளும். பென்சில் முனையைச் சுரண்டிய தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் இளகிவிடும்.

வாளி. குளிக்க, துணி ஊற வைக்க இரண்டுக்கும் ஒரே வாளிதான். தண்ணீர் நேரம் வைத்து விடுகிற விடுதி என்றால் 18 லிட்டர், எப்போதும் வருகிற விடுதி என்றால் 13 லிட்டர். பெரிய வாளி நிறையத் தண்ணீரைக் குழாயடியிலிருந்து 18 கிலோ சுமந்துவர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். கிட்டில் 10 லிட்டருக்குக் குறைவானவைகூட வருகின்றன. ஒரு ஜீன்ஸ் ஊறாது. அடர் நிறமும் மண்ணெண்ணெய் போன்ற வாடையும் இருந்தால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது; கைப்பிடி மாட்டும் காதில்தான் முதலில் வெடிக்கும். மூடியோடு வாங்கினால் ஊற வைத்த துணி கொசுவுக்குத் தொட்டியாகாது.

கொசு என்றதும் வலை. விடுதிச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் கட்டிலில் விரிந்து நிற்கும் கூடார வலைதான் வழி. கட்டிலைவிட அகலமான வலை பக்கத்துக் கட்டிலில் இடிக்கும். கம்பியை எட்டு வடிவில் முறுக்கி மடிப்பதை வீட்டிலேயே நாலு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். பலவந்தமாக மடித்தால் கம்பி ஒடிந்து துணியைக் கிழிக்கும்.

முதலுதவி டப்பாவில் பஞ்சும் பிளாஸ்டரும்தான் இருக்கும். பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், தெர்மாமீட்டர் மூன்றையும் சேர்த்து வையுங்கள். பெரிய ஓஆர்எஸ் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் அல்ல. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்று டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்; ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

கிட்டில் வருகிற சான்றிதழ் ஃபைல் பரவாயில்லை. உள்ளே வைப்பதில் கவனம் வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆணை எல்லாவற்றையும் அசலை ஒப்படைக்கும் முன்பே ஐந்து நகல் எடுத்து, ஸ்கேன் செய்தும் வைத்துக்கொள்ளுங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள். பிற்பாடு வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ சான்றொப்பம் வாங்கும்போது பின்புறம் முத்திரை குத்த இடம் வேண்டும்.

கிட்டில் எந்தக் காலத்திலும் வராதது பொடி. இட்லிப்பொடி, பருப்புப்பொடி 200 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில். ஒரே பெரிய டப்பாவில் ஈரக் கரண்டி ஒன்று விழுந்தால் மொத்தமும் போச்சு. தேங்காய் சேர்த்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், தவிருங்கள். நல்லெண்ணெயைப் பொடியில் குழைத்து அனுப்பாமல் தனியாக அனுப்புங்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் மிதக்கக் கிண்டியதாக இருக்கட்டும். எலி பிளாஸ்டிக்கைக் கடிக்கும் என்பதால் எல்லா டப்பாவையும் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு மூடச் சொல்லுங்கள்.

திருச்சி, சூரத்கல், வாரங்கல் என்று ரயிலில் போகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டியது: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை கட்டணமில்லை. பெட்டியின் அளவு 100க்கு 60க்கு 25 செ.மீ.; மூன்றடுக்கு ஏசியில் 55க்கு 45க்கு 22.5 செ.மீ.தான். ஓரடி உயர டிரங்குப் பெட்டி இரண்டிலும் அடங்காது, பார்சலில்தான் போட வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், 100க்குள் இருப்பதால் தடையில்லை. டெல்லி, கான்பூர் பக்கம் போகிற பிள்ளைக்கு இங்கேயே கம்பளியும் ரஜாயும் (பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை) வாங்கி ஏற்றாதீர்கள். சேர்க்கை நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே புழுக்கம். நவம்பரில்தான் குளிர் தொடங்கும். அங்கத்திய சந்தைகளில் நம் ஊரைவிடக் கனமானதும் மலிவானதும் கிடைக்கும்.