மூலத்துக்கு வளையமா, அறுவையா, ஸ்டேப்லரா? வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை வைத்து ஓர் ஒப்பீடு

மின்கம்பத்து நோட்டீஸ் முதல் யூடியூப் விளம்பரம் வரை, மூலத்துக்கான எந்தச் சிகிச்சையைக் கேட்டாலும் "வலியில்லை, ஒரே நாளில் வீடு" என்றுதான் சொல்கிறார்கள். ஒரே நாளில் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் உண்மைதான். அதற்கு அடுத்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஒரு சிகிச்சையில் சகஜமாக இருக்கும் வலி, இன்னொன்றில் உடனே ஓட வேண்டிய அறிகுறி. அதனால் செலவைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் ஒப்பிடுகிறேன்.

முதலில் ரப்பர் வளையம். மலம் கழிக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போகிற உள்மூலம் இரண்டாம் நிலை. விரலால் தள்ளிவிட வேண்டியது மூன்றாம் நிலை. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலையில் பலருக்கும் மருத்துவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை. மூலத்தின் அடியில் மாட்டிய வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்த, அது சுருங்கி 5 முதல் 10 நாளுக்குள் விழுந்துவிடும். பலருக்கு விழுந்ததே தெரியாது.

ஆசனவாய்க்குள் சற்று மேலே ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே கிள்ளினாலும் வலி அவ்வளவாகத் தெரியாது. கீழே தொட்டாலே உயிர் போகும். வளையம் மேலே உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தால் ஓரிரு நாள் ஒரு கனமும், மலம் முட்டி நிற்பது போன்ற உணர்வும் இருக்கும், அவ்வளவுதான். அந்த உணர்வை நம்பிப் போய் உட்கார்ந்து முக்கக் கூடாது. மாட்டிய சற்று நேரத்திலேயே தாங்க முடியாத வலி வந்தால் வளையம் அந்தக் கோட்டுக்குக் கீழே மாட்டப்பட்டிருக்கலாம். மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றே திரும்பிப் போனால் கழற்றிவிடுவார்கள்.

அடுத்தது வெட்டி எடுக்கும் அறுவை. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் 1937-இல் எழுதிய முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. உள்ளே போகவே மறுக்கும் நான்காம் நிலைக்கும், வெளிமூலமும் சேர்ந்து இருப்பவர்களுக்கும் இதை விட்டால் வழி குறைவு. வலியில் இதற்கு நிகர் கிடையாது. புண்ணைத் தைக்காமல் விட்டிருந்தால் ஆற 4 முதல் 6 வாரம் ஆகும். வேலைக்குத் திரும்பப் பலருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

எல்லோரும் பயப்படுவது முதல் தடவை மலம் கழிப்பதற்குத்தான். பயத்தில் இரண்டு நாள் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார்கள், வருவதையும் அடக்குவார்கள். மலம் கெட்டிப்பட்டு நான்காம் நாள் வரும்போது அது நரகம். போதாக்குறைக்கு டிரமடால் போன்ற வலி மாத்திரைகளே மலத்தைக் கட்டும். ஆகவே எழுதிக் கொடுத்த லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே குடிப்பது நல்லது. கீரை, கொய்யா, அவரைக்காய் என்று நார்ச்சத்தும் வேண்டும். இசப்கோல் எடுத்தால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். (கோழிக்கறி சூடு, தொடாதே என்பார்கள் வீட்டில். கோழி பாவம், காய்கறியே இல்லாத வெறும் பிரியாணிதான் பிரச்சினை.)

கழித்து முடித்ததும் கழுவிவிட்டு, அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் இறுகிப் பிடித்த தசை மெல்ல விடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். கிருமிநாசினி எதுவும் ஊற்ற வேண்டாம், ஆறும் தோல் எரியும். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஸ்டேப்லர் முறை 1990-களில் இத்தாலிய அறுவை மருத்துவர் லோங்கோ கொண்டுவந்தது. மூலத்தை வெட்டாமல், மேலே உள்ள சவ்வை வளையமாக நீக்கி, தொங்குவதை மேலே இழுத்துத் தைக்கிறார்கள். முதல் வாரங்களில் வலி குறைவு என்பது நிஜம். ஆனால் 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், 777 பேரை இரண்டு ஆண்டு கவனித்ததில், வெட்டி எடுத்தவர்களின் நிலையே மொத்தத்தில் மேலாக இருந்தது. மூலம் திரும்புவதும் ஸ்டேப்லர் போட்டவர்களிடம்தான் அதிகம். மலம் வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டிய அவசரமும் சிலருக்கு வருகிறது. லேசருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்: ஆரம்பத்தில் சுகம், பெரிய மூலத்துக்குப் போதாது, திரும்பவும் வரலாம். விளம்பரச் சத்தம் மட்டும் இதற்குத்தான் அதிகம்.

என்னைக் கேட்டால், வளையத்துக்கு ஏற்ற மூலமாக இருந்தால் அதிலேயே தொடங்கலாம். இன்னொரு தடவை மாட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. நான்காம் நிலை என்றால் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டு அறுவைக்கே போவது மேல்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். எந்த முறையானாலும் மலத்தோடு சில சொட்டுகளும் துடைக்கும்போது கறையும் சில நாள் இருக்கும். வளையத்தில் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, அறுவையில் 7 முதல் 14-ஆம் நாள் வரை கொஞ்சம் உஷார் வேண்டும். எல்லாம் ஆறிவிட்டது என்று ஊருக்குப் பஸ் ஏறும் நேரத்தில்தான் திடீரென்று கொட்டும். கட்டிகட்டியாக வந்தாலோ, நாப்கின் நனைந்துகொண்டே இருந்தாலோ, தலைசுற்றினாலோ 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். குளோபிடோகிரல், வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

சிறுநீர் அடைபடுவதற்கும் சிகிச்சையைப் பொறுத்து அர்த்தம் மாறும். தண்டுவட ஊசி போட்டு அறுவை செய்த அன்று சிலருக்குச் சிறுநீர் இறங்காது. ஆறேழு மணி நேரத்துக்குள் டியூட்டி டாக்டரிடம் சொன்னால் குழாய் போட்டு எடுத்துவிடுவார். வளையம் மாட்டி வீட்டுக்கு வந்தவருக்குச் சிறுநீர் நின்று, காய்ச்சலும் வந்து, வலியும் ஏறினால் கதை வேறு. அபூர்வம்தான், ஆனால் இடுப்புக்குள் கிருமி பரவியதன் அடையாளமாக இருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவு. ஸ்டேப்லருக்கும் இது பொருந்தும்.

அறுவை வலி ஒரு வாரத்துக்குப் பிறகு குறைந்துகொண்டு வர வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினாலோ சீழ் வந்தாலோ காட்ட வேண்டும். மூன்று நாளாகப் போகாமல் தண்ணீராக மட்டும் கசிந்தால் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே கெட்டி மலம் அடைத்து, ஓரமாகக் கசிவதாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். சில வாரம் கழித்து மலம் பென்சில் போல மெலிந்து வந்தால் ஆசனவாய் சுருங்கியிருக்கலாம். காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமை நீடித்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

45 வயதைத் தாண்டியவர்கள், எடை குறைபவர்கள், மலப்போக்கு மாறியவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பவர்கள், ரத்தம் மூலத்தால்தான் வருகிறது என்று தாமாக முடிவு கட்டாமல் கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தேவையா என்று கேட்டுவிட வேண்டும். தார் போலக் கறுத்த மலம் மூலத்தில் வராது.