பெரும்பாக்கமா, பழைய இடமா, பட்டாவா?

சென்னையில் ஒரு குடிசைப் பகுதியிலோ பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலோ அரசு கை வைத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: ஊருக்கு வெளியே அனுப்புவார்கள், இடித்து அங்கேயே கட்டுவார்கள், அல்லது இருக்கிற இடத்துக்கே பட்டா கொடுப்பார்கள். எது மேல் என்ற பேச்சு வந்தால் எல்லோரும் சதுர அடியைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது இரண்டு. இடித்த நாளுக்கும் சாவி வாங்கும் நாளுக்கும் நடுவில் குடும்பம் எங்கே இருக்கும்? வீடு பெறுவோர் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போகும்?

ஊருக்கு வெளியே அனுப்பிய இடங்கள்: கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம். இந்த வழியில் காத்திருப்பு இல்லை. சாமான் லாரியில் ஏறும்போதே வீடு தயார். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண் காலை ஆறரைக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய உதவிதான், ஆனால் பயண நேரம் குறையவில்லையே. முதலில் அந்தக் காலை வீட்டு வேலை போகும், பிறகு சாயங்கால வீட்டு வேலை. எட்டு அடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டியதும் அதே பெண்தான்.

அங்கேயே கட்டித் தருவது புதிய யோசனை இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்ததே அதற்காகத்தான். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று எழுதி ஊருக்குள் எழுப்பிய கட்டடங்கள் இற்றுப்போய், இப்போது மறுகட்டுமானம் நடக்கிறது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய வீடுகள் இருந்த இடத்தில் 1,920 வீடுகள் வந்தன. 2021-இல் அங்கே பூச்சு உதிர்ந்தது ஊரறிந்த கதை. அதைவிட எனக்கு உறுத்துவது இடைக்காலம். கட்டி முடியும்வரை வெளியே தங்க ஒரு குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக்கினார்கள். வேலை இரண்டு வருடம் இழுத்தால் மாதம் ஆயிரம். சென்னையில் ஆயிரத்துக்கு எந்த அறை கிடைக்கும்? வட்டிக்கு வாங்கித்தான் வாடகை கட்ட வேண்டும். பட்டியலிலும் சிக்கல். ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் உள்ளவர் வேறு ஊரில் இருப்பார். வருடக்கணக்காக அங்கே வாடகைக்கு இருந்தவருக்கு எதுவும் கிடையாது. ஒரே கதவுக்குள் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மூன்றாவது வழி பலருக்கு மறந்தே போய்விட்டது. 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், இருக்கிற குடிசைப் பகுதிகளை இடிக்காமல் தெருவும் குழாயும் கழிவுநீர் வசதியும் போட்டு, மனையைக் குடியிருப்பவருக்கே தவணையில் விற்றார்கள். யாரும் பெட்டி கட்டவில்லை. விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான் வழக்கமான ஆட்சேபம். மாம்பலத்துக்காரர் பூர்வீக வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்தால் சாமர்த்தியம், குடிசைக்காரர் விற்றால் மட்டும் துரோகமா? அந்தப் பயம் இருந்தால் ஒடிசாவின் 2017 சட்டத்தைப் பார்க்கலாம்: அதில் கிடைக்கும் நில உரிமை வாரிசுக்குப் போகும், அடமானம் வைக்கலாம், விற்க மட்டும் முடியாது.

மும்பை மாதிரி பில்டரிடம் விட்டுவிடலாமே, குடிசைக்காரர்களுக்கு இலவசமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு மீதி இடத்தில் கட்டியதை அவர் விற்றுக்கொள்ளட்டும் என்பவர்கள் உண்டு. நிலம் தங்க விலை விற்கும் இடத்துக்குத்தான் பில்டர் வருவார். குறிப்பிட்ட தேதிக்குள் குடியேறியதற்குச் சான்று இல்லாதவர் அங்கேயும் வெளியேதான்.

ஆகவே என் வரிசையில் பட்டாதான் முதல். ஆனால் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகள் நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே பட்டா பேச்சுக்கே இடமில்லை. அதனால் பெரும்பாக்கம்தான் என்று ஆகிவிடாது. 2022 மே மாதம் ஆர்.ஏ. புரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பின்போது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பின் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் காட்ட முடியும் என்றால் அதை இடிக்கும் முன்பே காட்டியிருக்கலாம்.

மறுகட்டுமானத்துக்குச் சம்மதம் கேட்டு வருபவர்களிடம் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்: வீடு இடியும் முன்பே குடும்பத் தலைவி பெயரில் ஒதுக்கீட்டு ஆணை, சாவி தரும்வரை மாதாமாதம் அந்தப் பகுதி வாடகை, வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்த பட்டியல்.