டிரேட்மார்க் "கிளியர்" என்றார்கள், 11,500 ரூபாய் போச்சு

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் தைலம், டீத்தூள், சாக்லேட் என்று சொந்தப் பெயர் போட்டு விற்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். டிரேட்மார்க் பதிந்து தருவதாக ஆன்லைனில் விளம்பரம் போடும் ஒரு சேவைத் தளத்துக்கு 11,500 ரூபாய் கட்டினோம். அதில் அரசுக் கட்டணம் 4,500 (பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; தனிநபர், சிறுதொழில் என்றால் ஒரு வகுப்புக்கு இவ்வளவுதான்). மீதி 7,000 "தேடலுக்கும் ஆலோசனைக்கும்".

இதே பெயரை வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் தேடல். அதன் லட்சணத்தைக் கேளுங்கள். எங்கள் தைலத்தின் பெயர் குறிஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதை 'ஜே' போட்டும் எழுதலாம், 'சிஎச்' போட்டும் எழுதலாம். அவர்கள் போட்டுப் பார்த்தது நாங்கள் எழுதிக் கொடுத்த ஒரே ஸ்பெல்லிங். அதுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டும் காட்டும் முறையில். பின்னே எப்படி ஏதாவது வரும்? உடனே பச்சை முத்திரையோடு ஒரு பிடிஎஃப், "பெயர் கிடைக்கும்" என்று. "முழுசா பார்த்தாச்சுண்ணா, நூறு சதவீதம் கிளியர்" என்று அந்தப் பையன் போனில் சொன்ன தினுசுக்கு யாராக இருந்தாலும் பணத்தைப் போட்டிருப்பார்கள்.

டிரேட்மார்க் அலுவலகத்தின் ஆய்வு அறிக்கை வந்தது. டிரேட்மார்க் சட்டம் பிரிவு 11, அதாவது முன்பே உள்ள பெயரோடு ஒத்துப்போகிறது என்ற ஆட்சேபம். நாங்கள் விண்ணப்பித்த அதே 3-ம் வகுப்பில் 'சிஎச்' போட்ட பெயர் முன்பே பதிவாகியிருக்கிறது. அரசுத் தளத்தின் பொதுத் தேடலில் 'ஃபொனெடிக்' (ஒலி ஒத்த பெயர்களைக் காட்டும் முறை) என்று மாற்றிப் போட்டால் அது முதல் பக்கத்திலேயே நிற்கிறது. அந்தத் தேடலுக்குக் காசே கிடையாது!

இதைவிடக் கொடுமை ஒன்று. 2014 முதல் இந்தப் பெயரில் விற்கிறோம், பில் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பத்தில் "இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறோம்" என்று நிரப்பியிருக்கிறார்கள். முன்பே விற்கிறோம் என்று போட்டால் பில்களோடு அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) வைக்க வேண்டும், அந்த வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பிரிவு 12-ன்படி, நாங்களும் நேர்மையாக இதே பெயரில் விற்றுவந்தோம் என்று வாதாட இருந்த வழியும் இப்படி அடைபட்டது. திருத்துவதும் எளிதல்ல.  புதிதாகப் போட்டால் இன்னொரு 4,500. லேபிளில் சளி, மூட்டுவலி என்று இருப்பதால் மருந்துக்கான 5-ம் வகுப்பையும் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கமே போகவில்லை.

கேட்டால், "ஆப்ஜெக்‌ஷன் எல்லாருக்கும் வர்றதுதாண்ணா." அப்புறம், "சீனியர் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. அந்த ஆட்சேபத்துக்குப் பதில் தாக்கல் செய்ய 6,000 ரூபாய் "பேக்கேஜ்" மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. அந்தப் பதிலுக்கு அரசுக் கட்டணம் பூஜ்யம். கெடுவோ ஒரு மாதம், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த பயத்தைத்தான் காசாக்குகிறார்கள். 11,500-ஐத் திருப்பிக் கேட்டதற்கு "சர்வீஸ் கம்ப்ளீட்டட்" என்று ஒரு வரி. இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. ஃபொனெடிக், 'கன்டெய்ன்ஸ்' (பெயருக்குள் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் காட்டும் முறை) இரண்டிலும் நீங்களே தேடுங்கள். வகுப்பு எண்கள்: தைலத்துக்கு 3, 5; டீ, சாக்லேட், வர்க்கிக்கு 30; கடைக்கு 35. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். 'ஆப்ஜெக்டட்' (ஆட்சேபத்தில் உள்ளது) என்று நிற்கும் பழைய விண்ணப்பமும் உங்களை மறிக்கும். ஊட்டி, நீலகிரி என்ற ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால், தனித்தன்மை இல்லாத பெயர் என்று பிரிவு 9-ல் மாட்டுவீர்கள். தாக்கல் செய்வதற்கு முன் நிரப்பிய டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பயன்பாட்டுத் தேதியைப் பாருங்கள். படிவத்தைக் காட்ட மாட்டேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.

11,500 ரூபாய்க்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போடப் போகிறேன்.