நீண்ட கால முதலீடு என்று சொல்லி என் 38,400 வெள்ளியைப் பிடுங்கிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம்தான் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. போனது 38,400 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை ஒன்றில் 24 வருஷம் ஷிப்ட் வேலை பார்த்து, ஆள்குறைப்பில் வெளியே வந்தபோது கையில் கொடுத்த பணம். மகள் படிப்புக்கென்று ஒரு வெள்ளி தொடாமல் வைத்திருந்தேன்.

விசாரணை நடப்பதால் ஏமாற்றியவர்களின் பெயரை எழுதவில்லை. அமெரிக்க டெக்னாலஜி கம்பெனிப் பங்குகளைக் கைப்பேசியிலேயே வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆப். என்விடியா, மைக்ரோசாப்ட், ஆப்பிள் எல்லாம் அதில் இருக்கும்.

விளம்பரம் பார்த்து ஏமாறவில்லை நான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில், என்னை இதில் சேர்த்துவிட்ட பையனைப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும். சட்டையெல்லாம் வியர்வையில் நனைய, காவடி தூக்கி வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்குத் தலை சுற்றியபோது நாற்காலி போட்டு உட்கார வைத்து, “அக்கா, மெதுவா குடிங்க” என்றான். அந்த ஒரு டம்ளர் மோரில்தான் விழுந்தேன்.

மறு வாரம் பினாங்கு ஸ்திரீட் பக்கம் ஒரு கடையில் பசியாறிக்கொண்டே பேசினான். என் வேலையைப் பற்றிக் கேட்டான். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து போனதைச் சொன்னேன். “இன்டெல் 1972ல நம்ம பினாங்குக்கு வந்துச்சுக்கா. அம்பது வருஷத்துக்கு மேல நம்ம ஆளுங்க கை பட்ட சிப்புதான் உலகம் பூரா ஓடுது. லாபம் மட்டும் யாருக்கோ போகுது. ஒரு பங்காவது உங்க பேர்ல இருக்க வேணாமா?” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் மேனேஜர்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் வயிறு எரிகிறது. 2024 ஜூனில் என்விடியா ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது என்றான்; வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், சரியாக இருந்தது. நல்ல கம்பெனிப் பங்கைப் பத்து வருஷம் தொடாமல் வைக்க வேண்டும், தினமும் விலை பார்த்துப் பதறக் கூடாது என்றான். விவரம் தெரிந்தவர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்? நம்பினேன். நாலு தடவையாக 8,000, 8,000 என்று 32,000 வெள்ளி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் பேங்க் கணக்கு. கேட்டதற்கு, டாலராக மாற்றும் ஏஜென்ட் கணக்கு என்றான்.

ஜூன் கடைசியில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000 மட்டும் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. “லாங் டெர்ம்னு ஒத்துக்கிட்டுத்தானக்கா சேர்ந்தீங்க?” என்றான். பணத்தைக் கேட்டு வாயைத் திறந்தபோதெல்லாம் இதே பதில். கேட்கவே விடாமல் பூட்டுவதற்காகத்தான் முதல் நாளே அந்த நல்ல பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

பிறகு அமெரிக்க வரி என்றார்கள். 6,400 வெள்ளி முன்கூட்டியே கட்டினால் எல்லாம் வெளியே வருமாம். கட்டினேன். இப்போதுதான் தெரிகிறது: இங்கே குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் பங்கு விற்ற லாபத்துக்கு அமெரிக்கா பொதுவாக வரி கேட்பதில்லை. கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமான டிவிடெண்டில்தான் 30 விழுக்காடு, அதுவும் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்வார்கள். கையிலிருந்து கட்டச் சொல்வதே பொய்.

ஜூலை 4 ராத்திரி 11 மணிக்கு ஆப்பைத் திறந்தேன். விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகன், “அத்தை, இன்னிக்கு அமெரிக்கா சுதந்திர தினம். சந்தையே லீவு. இது எப்படி ஓடுது?” என்றான். அந்த நிமிஷம் காலுக்குக் கீழே தரையே நழுவியது போல இருந்தது. என் பேரில் ஒரு பங்குகூட வாங்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் வெறும் படம்.

அதற்குப் பிறகு அலைந்த அலைச்சலை என்னவென்று சொல்ல. ஆப்பில் கேட்டால் ‘புகார் பதிவாகிவிட்டது’ என்று ஒரு எண். அந்தப் பையனைக் கூப்பிட்டால் கோலாலம்பூரில் மீட்டிங், பிறகு சிஸ்டம் மாற்றுகிறோம், பிறகு எடுப்பதே இல்லை. கொம்தார் கோபுரம் பக்கத்தில் மாடியில் இருந்த அவர்கள் ஆபீசுக்குப் போனேன். கதவில் வாடகைக்கு என்று தாள் ஒட்டியிருந்தது. கடைசியாக வாட்ஸாப்பில் குரல் பதிவு: “உங்களை மாதிரி அவசரப்படுறவங்களுக்கு இந்த முதலீடு சரிவராதுக்கா.” 38,400 வெள்ளியை விழுங்கிவிட்டு எனக்கு அவசரமாம்! பேங்க் கவுண்டரிலோ, நீங்களாக அனுப்பிய பணம்தானே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விலாவாரியாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மனசு நிலைகொள்ளவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பங்கு முதலீட்டுத் தொழிலைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்கள் பட்டியலும் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. முதலில் இரண்டையும் பாருங்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். தனி ஆள் பெயரிலோ சம்பந்தமில்லாத கம்பெனி பெயரிலோ கணக்குக் கொடுத்தால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நான் வெட்கப்பட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன், அதற்குள் பணம் கை மாறிப் போய்விட்டது.

இன்று காலை பழைய தோழி ஒருத்தி பேசினாள். அவளும் என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள். பட்டர்வொர்த்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முதலீட்டுக் கூட்டமாம், மதியச் சாப்பாடும் உண்டாம், ஒரு தம்பி வீட்டுக்கே வந்து அழைத்தானாம். அவன் படத்தை அனுப்பச் சொன்னேன். அவனேதான். பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது அழைப்பு வந்திருந்தால் இன்றைக்கே தடுத்துவிடுங்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு.