எபோனைட் மைப்பேனா: சில வருடப் பழக்கத்தில் கண்டது

கையால் கடைந்து செய்த எபோனைட் பேனா ஒன்று சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. டைரி, மளிகை லிஸ்ட், பால் கணக்கு, அலுவலகக் குறிப்பு எல்லாம் அதில்தான். பார்க்கிறவர்கள் "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர் தாராளமாக வாங்கலாம். சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர் இந்தப் பதிவை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருள். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் நல்ல பேனா என்றால் பெரும்பாலும் இதுதான். இன்றும் லேத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கடைகிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இருக்கிறார்கள். ராஜமுந்திரி ரத்னம் பேனாவுக்கு 1935-இல் காந்தி வார்தாவிலிருந்து எழுதிய கடிதமே உண்டு. வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்று என்று பாராட்டியிருந்தார். என்னுடையது இந்த இரண்டும் இல்லை, வேறொரு சின்னப் பட்டறையின் சரக்கு.

புதிதாகத் திறந்தபோது கந்தக நெடி அடித்தது. சில வாரங்களில் அடங்கிவிட்டது. இப்போதும் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாக வரும், எனக்கு அது பிடித்தும் போய்விட்டது. கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் வழுக்கல் கிடையாது, வேர்த்த கைக்கும் நல்ல பிடிமானம். ஜன்னலோரம் வெயிலில் வைத்தாலோ வெந்நீரில் கழுவினாலோ கறுப்பு மங்கிப் பழுப்படிக்கும். அதனால் குழாய்த் தண்ணீர், நிழல், இரண்டும் கட்டாயம்.

இதில் மை உறிஞ்சும் அமைப்பு எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல் ஃபில்லரால் மையை நேராக உடலுக்குள் விட வேண்டும். மூன்று மில்லிக்கு மேல் பிடிக்கும். கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சின்னக் குழாய்) போட்ட பேனாக்களில் முக்கால் மில்லி பிடித்தாலே பெரிது. எனவே ஒரு முறை நிரப்பினால் மறந்தே போகலாம். ஆனால் தலைவலி தொடங்குவதும் இதே இடத்தில்தான்.

மை நிறைய இருக்கும்வரை பேனா சாது. பாதிக்குக் கீழே இறங்கியதும் குணம் மாறும். உள்ளே காலியான இடமெல்லாம் காற்று. கைச்சூடு ஏறினால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நாம் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்போம், நிப்பின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, வாக்கியத்தின் நடுவில் பொத்தென்று விழும். சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் இது அடிக்கடி நடக்கும். மார்கழியில் அநேகமாக இல்லை. வாங்கிய புதிதில் கழுத்து மரையில்தான் கசிகிறது என்று நினைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். மரையில் இருந்த ஈரம் நின்றது, சொட்டு நிற்கவில்லை. உருப்படியான வழி ஒன்றுதான்: பாதி ஆனதும் நிரப்பிவிடுவது. மூன்று மில்லி பிடிக்கும் பேனாவில் ஒன்றரை மில்லிதான் நிம்மதியாக எழுதக் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குக் கொண்டு போனால் வேறு கதை. கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால் பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. பேனாவுக்குள்ளும் அதேதான். அறைக்குப் போய் மூடியைத் திறந்தால் மூடி முழுக்க மை, விரல் முழுக்க மை. நல்லவேளை, பையில் நிமிர்ந்த நிலையில் இருந்ததால் துணிகள் தப்பின. மலைக்கோ விமானத்திலோ போவதாக இருந்தால் பேனா ஒன்று முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், அல்லது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். நான் இப்போது காலியாகவே எடுத்துப் போகிறேன், கூடவே மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் மை.

அடுத்தது காகிதம். பேனாவுக்குக் கொடுத்த காசை விட, சரியான நோட்டுத் தேடி அலைந்த செலவு அதிகம். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கோடு போட்ட நோட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மை பரவும், பின்பக்கமும் ஊறித் தெரியும். ஆங்கிலம் எழுதுகிறவர் எப்படியோ சமாளித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சுழியை நம்பி எழுத்தைக் கட்டியிருக்கிறோம். மை பரவினால் சுழிகள் அடைபட்டு இரண்டும் ஒரே குட்டைக் கறையாக நிற்கும். இ, ஞ எல்லாம் இன்னும் மோசம். புள்ளி வேறு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் நிறைய எழுதுகிறவர் மெல்லிய நிப்புதான் வாங்க வேண்டும். பட்டை நிப்பு கையெழுத்துப் போட மட்டும் அழகு.

எனக்குப் பிடிபட்ட மலிவான தீர்வு, கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் கரூர் டி.என்.பி.எல். ஆலையின் ஏ4 ஜெராக்ஸ் தாள். 80 ஜி.எஸ்.எம். தாளில் மெல்லிய நிப்பு பெரிதாகப் பரவுவதில்லை. தெருமுனைக் கடையில் ஸ்பைரல் போட்டுக் கொடுக்கச் சொன்னால் நோட்டு தயார். கோடு இல்லை என்ற குறை இருக்கிறது. என் வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறும், அதோடு வாழப் பழகிவிட்டேன்.

நிப்பைப் பற்றிப் பேசும்போது சாத்தூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர்போன அந்த ஊர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போனது. குடிசைத் தொழிலாகத் தட்டித் தேய்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பால்பாயிண்ட் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. என் பேனாவோடு வந்த நிப்பு மேல்நோக்கி இழுக்கும்போது காகிதத்தைக் கீறியது. தமிழ் எழுத்துகளில் மேல்நோக்கிய வளைவுகள் ஏராளம் என்பதால் ஒரு பக்கம் எழுதினாலே எரிச்சல் வரும். பட்டறைக்குச் சொன்னேன், "எழுத எழுதச் சரியாகிவிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை. ஜெர்மன் ஸ்டீல் நிப்பு ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டபிறகுதான் பேனா பேனாவாகியது. புதிதாக வாங்குகிறவர்கள் உடம்பின் நிறத்தையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால், என்ன நிப்பு, மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

மையில் பரிசோதனைக்கு நான் போவதில்லை. கேமல் ராயல் புளூ போதும். தண்ணீர் பட்டால் கரைந்து போகும் என்பது அதன் நல்ல குணமும் கெட்ட குணமும். சட்டையில் பட்டால் துவைத்து எடுத்துவிடலாம்; ஐஸ் தண்ணீர் டம்ளரை மாதக் கணக்கின் மேல் வைத்தால் கணக்கும் போகும். ஒரே மை என்பதால் கழுவுவதும் மாதத்துக்கு ஒரு தடவை போதுமானதாக இருக்கிறது. ஓவியத்துக்கு வாங்கும் இந்தியன் இங்க் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் எடுப்பது பெரிய பாடு.

வெளியே கொண்டு போவதில் கசிவை விடவும் மனிதர்கள்தான் பிரச்சினை. வங்கியில் செல்லான் எழுதிக்கொண்டிருக்கும்போது "சார், ஒரு நிமிஷம் பேனா" என்று ஒரு கை நீளும். இல்லை என்று சொல்லவும் முடியாது, கையில்தானே இருக்கிறது. அவர் நிப்பைத் தலைகீழாகத் திருப்பி, எழுதவில்லை என்று ஓர் உதறு உதறுவார். கீழே தரை, எதிரே அடுத்தவர் வேட்டி. கூரியர் கடையில் கார்பன் வைத்த ரசீது கொடுத்தால் அழுத்தி எழுத வேண்டும், நிப்பு விரிந்துவிடும். இதற்காகவே சட்டைப் பையில் ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. அது பல தடவை திரும்பி வராமல் போயிருக்கிறது, வருத்தமே இல்லை. காசோலையும் அதில்தான் எழுதுகிறேன். கழுவினால் போகும் மையில் தொகையை எழுதிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்றும் கேட்கிறார்கள். இதை வேண்டாம். உடம்பு தடிமன், மூடியைத் திருகித் திறக்க வேண்டும், கீழே போட்டால் எபோனைட் உடையவும் செய்யும். கையெழுத்துத் திருந்த வேண்டும் என்றால் மெலிதான பிளாஸ்டிக் மைப்பேனா, கன்வெர்ட்டர் வைத்தது, அதுவே போதும். பெரியவர்களில், தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுதுகிறவர் வாங்கட்டும். வாரத்துக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுகிறவர் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் காய்ந்த நிப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.