வாட்டர் பம்ப்: புது அசெம்பிளியா, கிட்டா, செகண்ட் ஹேண்டா?

லாரி எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, வீட்டு வாசலில் வைத்தே மாற்றிவிடலாம் என்று நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு. புது அசெம்பிளி, அதாவது முழு பம்ப்பையே வாங்கலாம், பழைய பம்ப்பைக் கழற்றி அதன் தண்டு சுழல உதவும் பேரிங், தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் அடங்கிய கிட் போடலாம், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் ஓடிய பம்ப்பைத் தேடலாம். கிட் விலை குறைவு. ஆனாலும் வீட்டில் வேலை பார்ப்பவருக்கு நான் சொல்வது அசெம்பிளிதான்.

வாங்கும் முன் பம்ப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். சீலைத் தாண்டிய தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேற வைத்த வழி அது. துளையைச் சுற்றிக் கூலன்ட் (எஞ்சின் தண்ணீரில் கலக்கும் திரவம்) காய்ந்த கறை திட்டாகத் தெரிந்தால் சீல் தேய்ந்துவிட்டது. சிலர் அந்தத் துளையையே எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் இறுகினால் நடு ரோட்டில் பெல்ட் அறும். ஃபேன் பம்ப்பிலேயே பொருத்திய வண்டியாக இருந்தால் அது ரேடியேட்டரையும் கிழித்துவிடும்.

கிட்டில் சிக்கல் எங்கே என்றால், அதை ஏற்றுவதில்தான். பேரிங்கும், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் பிரஸ் வைத்து அழுத்த வேண்டியவை. சுத்தியலால் தட்டினால் பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், சீலின் முகம் கீறும். இம்பெல்லரின் இடைவெளி மாறினால் ஒன்று பாடியில் உரசும், இல்லையேல் தண்ணீரைத் தள்ளும் வேகம் குறையும். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் இந்த வேலை தெரிந்த கைகள் உண்டு. பம்ப் பாடியும் அரிக்காமல் இருந்தால் அங்கே கிட் போடுவது நல்ல முடிவு. வீட்டில் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பம்ப் எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. கழற்றி மாட்டும் உழைப்போ புதுசுக்கும் அதேதான். பழைய மாடலுக்கு வேறு எதுவுமே கிடைக்காதபோது மட்டும் அதைப் பார்க்கலாம்.

அசெம்பிளி வாங்கப் பழைய பம்ப்பையும் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து இறக்கைகளின் சாய்வு, இம்பெல்லர் உயரம், போல்ட் துளைகள், புல்லி உட்காரும் நீளம் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். கையால் சுற்றினால் கரகரப்பு இல்லாமல் சுற்ற வேண்டும். டூப்ளிகேட் நிறைய புழங்குவதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசியாமல் இருக்கப் பேப்பர் பேக்கிங்கா, பேஸ்ட்டா என்ற கேள்வியும் வரும். பேக்கிங்கோடு வந்தால் அதையே போடுங்கள். பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் பிதுங்கிய துண்டுகள் ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். எது போட்டாலும் எஞ்சின் முகத்தில் ஒட்டிய பழைய பேக்கிங்கைப் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். அங்கே ஒரு துணுக்கு மிஞ்சினாலும் கசியும்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படியும். கூலன்ட்டைச் சுத்திகரித்த நீரில் டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ தொடும்படி வாசலில் வைக்காதீர்கள்.

கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறிய பிறகு ரேடியேட்டர் மூடியைப் போட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் முழுதாக ஆறியபின் மூடியைத் திறந்து மட்டத்தைச் சரிசெய்துவிட்டு, பம்ப்பின் அடியில் உள்ள அந்தத் துளை காய்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.