மரத்தின் மேல் கூடுதல் சாமான்: இடுப்பிலா, பையிலா, கயிற்றிலா?

கயிறு கட்டி மரமேறி வேலை செய்பவர் வெறும் உடம்போடு மேலே போவதில்லை. ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டி ஆளைத் தாங்கும் பட்டை), ஹெல்மெட், கயிற்றில் ஏறும் சாதனம், மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் லான்யார்டு, செயின்சா வெட்டைத் தடுக்கும் பேன்ட், பூட்ஸ் என்று தவிர்க்க முடியாத சுமை முதலிலேயே சேர்ந்துவிடுகிறது. பிரச்சினை அதற்கு மேல் வருவதில்தான்: செயின்சா, கைரம்பம், கூடுதல் ஸ்லிங்குகள் (கிளையைச் சுற்றிக் கட்டும் பட்டை வளையங்கள்), நாலைந்து காராபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி), ஒரு கப்பி, வீசுகயிறு (குண்டு கட்டிக் கிளைக்கு மேல் எறியும் மெல்லிய கயிறு), தண்ணீர், முதலுதவிப் பொட்டலம். இவற்றை இடுப்பில் மாட்டலாம், தொடையில் கட்டலாம், பையில் போட்டுக் கிளையில் தொங்கவிடலாம், தரையிலேயே வைத்துவிட்டு வேண்டும்போது கயிற்றில் ஏற்றிக்கொள்ளலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்து நிமிடத்தில் கைக்கு வேண்டியது மட்டும் உடம்பில் இருக்கட்டும். மற்றது கயிற்றில் வரட்டும். பைக்கு நான் கொடுப்பது மூன்றாவது இடம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு கணக்கு மாறாது. 20 மீட்டர் உயரத்தில் நழுவும் காராபினர் சுமார் 2 நொடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கி.மீ. மேலிருந்து கத்தி, கீழே இருப்பவர் அதைக் கேட்டு நகர்வதற்கு அந்த 2 நொடி போதாது. அதனால் ஒவ்வொரு முறையையும் 'எவ்வளவு தூக்கலாம்' என்று பார்ப்பதைவிட 'எங்கே நழுவும், எங்கே சிக்கும்' என்று பார்ப்பது நல்லது.

இடுப்பு

பெரும்பாலானவர்கள் முதலில் நம்புவது ஹார்னஸின் பக்கவாட்டில் இருக்கும் லூப்புகளையும், அவற்றில் பொருத்தும் பிளாஸ்டிக் கொக்கிகளையும்தான். நியாயம்தான். கண்ணால் பார்க்காமல் கை நேராகப் போகும் இடம் அது. ஒரு கையால் மாட்டலாம், ஒரு கையால் எடுக்கலாம். இன்னொரு கை கிளையைப் பிடித்திருக்கும்போது இதற்கு ஈடில்லை.

ஆனால் அந்த லூப்பும் கொக்கியும் சாமானைத் தாங்க மட்டுமே செய்யப்பட்டவை, ஆளைத் தாங்க அல்ல. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லூப் முழுக்கச் சாமான் தொங்கி, அவசரத்தில் லான்யார்டை எங்கே மாட்டுகிறோம் என்று குனிந்து பார்க்க முடியாத நிலையில்தான் தவறான வளையத்தில் மாட்டும் ஆபத்து வருகிறது. இடுப்பில் நெரிசலைக் குறைக்கச் சொல்வதற்கு எடையைவிட இதுவே பெரிய காரணம். உயிர் தாங்கும் பக்க வளையத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கை அகலமாவது காலியாக விட வேண்டும்.

அடுத்தது சிக்கல். நெருக்கமான கவட்டையில் நுழையும்போது, வெட்டி விட்ட சிறு குச்சியின் முனை காராபினரின் வாய்க்குள் புகுந்து அதைத் திறந்துவிடும். நாம் நகர்வோம், சாமான் குச்சியில் நின்றுவிடும், அல்லது கீழே போகும். கம்பி வாய் கொண்ட கொக்கிகளில் இது அதிகம். வாய் உடம்பைப் பார்த்தபடி மாட்டினால் ஓரளவு குறையும். ஸ்லிங்குகளை நீளமாகத் தொங்கவிடாமல் சங்கிலிப் பின்னலாகச் சுருக்கி மாட்டினால் இன்னும் குறையும். பின்னலின் கடைசிக் கண்ணை விடுவித்து இழுத்தால் மொத்தமும் ஒரே வீச்சில் பிரிந்துவிடும். ஸ்லிங்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. நழுவும் நேரத்தில் அது குச்சியில் மாட்டினால் இறுகுவது கழுத்து.

செயின்சா தனி விவகாரம். கைப்பிடி மேலே உள்ள பெட்ரோல் ரகமே பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) எரிபொருளும் சேர்த்து 4 கிலோவை நெருங்கும். அது ஒரு பக்க இடுப்பில் தொங்கினால் உடம்பு அந்தப் பக்கம் சாயும். நாள் முழுக்க அதை ஈடுகட்டுவது முதுகு. நகரும்போது ஹார்னஸின் பின்பக்கத்தில் நீளமாகத் தொங்கவிட்டு, வெட்டும் இடம் வந்ததும் இடுப்புக் கொக்கிக்கு ஏற்றுவது நல்ல பழக்கம். அதைத் தாங்கும் பட்டையில், குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் பிய்ந்து விலகும் பகுதி இருக்க வேண்டும். பார் கிளைக்குள் இறுகி, கிளை முறிந்து விழும்போது ரம்பத்தையும் சேர்த்து இழுக்கும். பட்டை விடாவிட்டால் ஆளும் அந்த இழுப்பில் போவார். சைலன்சரின் சூட்டையும் மறக்க வேண்டாம். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். மெல்லிய, வலுவான பாலிஎத்திலீன் ஸ்லிங்குகள் 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். இப்போதுதான் நிறுத்திய ரம்பத்தின் பக்கத்தில் அந்த ஸ்லிங் தொங்கக் கூடாது.

தொடை

கைரம்பத்துக்கு இடுப்பைவிடத் தொடை உறை எனக்கு உசத்தி. ஹார்னஸில் உட்கார்ந்திருக்கும்போது முழங்காலைக் கொஞ்சம் தூக்கினால் பிடி கைக்கு வந்துவிடும். இடுப்பில் கிடக்கும் நெரிசலும் குறையும். கீழ்க்காலில் கட்டுபவர்களும் உண்டு. பூட்ஸில் இரும்பு ஸ்பைக் கட்டி ஏறும் நாளில் உறை ஸ்பைக்கின் பட்டைகளோடு முட்டும், அவ்வளவுதான் குறை. எங்கே கட்டினாலும், ஆள் தலைகீழாகச் சாய்ந்தாலும் ரம்பத்தை விடாமல் பிடிக்கும் உறையா என்று தரையிலேயே கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும்.

பை

முதுகுப்பை வேண்டாம். ஹார்னஸில் தொங்கும் உடம்பை அது பின்னுக்கு இழுக்கும், கிளைக்குக் கிளை மாட்டும், எதையாவது எடுக்க வேண்டுமென்றால் கழற்றவும் வேண்டும். ஹார்னஸின் பின்னால் ஒட்டி நிற்கும் சின்னப் பை வேறு. வீசுகயிறும் அதன் குண்டும் அதற்குள் அடங்கிவிடும். கயிறு 2 மி.மீ. தடிமன், குண்டு 300 கிராம் சுமார், அவ்வளவே.

மரத்திலேயே தொங்கவிடும் வாய் விரிந்த பைக்கு ஒரே ஒரு நல்ல இடம் உண்டு: பெரிய மரம், நாள் முழுக்க ஒரே உச்சிப் பகுதியில் கிளைகளைச் சீர்ப்படுத்தும் வேலை. அடிமரத்தை ஒட்டிய கவட்டையில், இன்று வெட்டப்படாத கிளையில், ஸ்லிங்கால் இறுக்கித் தொங்கவிட்டால் அது மேல்மாடி அலமாரி மாதிரி உதவும். கிளை நுனிக்குப் போனதும் வேண்டிய பொருள் ஆறு மீட்டர் பின்னால் இருக்கிறது என்பதுதான் அதன் தொல்லை. மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் வேலைக்கு இது சரிப்படாது. தொங்கவிடும் இடமே மறைந்துகொண்டிருக்கும்.

கயிறு

கீழே நம்பகமான ஆள் இருந்தால் இதை வெல்ல எதுவும் இல்லை. மேலே இருப்பவர் இடுப்பில் 1 கிலோவோடு நகரலாம். எரிபொருள் தீர்ந்த ரம்பம் கீழே போகும், நிரப்பிய ரம்பம் மேலே வரும். பெரிய பார் போட்ட ரம்பம், கிளைகளைக் கயிற்றில் இறக்க உதவும் கனமான கப்பி போன்றவற்றை உடம்பில் மாட்டி ஏறவே கூடாது, இப்படித்தான் ஏற்ற வேண்டும்.

இதிலும் இரண்டு வழி. ஏறிய கயிற்றின் மிச்ச நுனியிலேயே சாமானைக் கட்டி இழுப்பது முதல் வழி. தனிச் சாமான் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தக் கயிறுதான் கீழே இறங்கும் பாதையும். நிலையான ஒற்றைக் கயிற்றில் வேலை செய்பவருக்கு, தனக்குக் கீழே ஒரு முடிச்சும் சுமையும் இருப்பது அவசர இறக்கத்தில் தடை. கிளைக்கு மேலாகக் கயிறு ஆளோடு சேர்ந்து நகரும் முறையிலும் இதே கவனம் வேண்டும், கட்டிய பொருளை அவிழ்த்ததும் முடிச்சையும் அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, 8 மி.மீ. தடிமனில் தனி இழுகயிறு. 25 மீட்டர் நீளம் 1 கிலோவுக்குச் சற்று மேல். கீழேயே நுனியை விட்டுவிட்டு ஏறினால் அந்த எடைகூடத் தொடக்கத்தில் தெரியாது. நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். சாமானைக் கயிற்றின் நுனியில் கட்டாமல், நுனியிலிருந்து தள்ளி மேலே கட்டச் சொல்லுங்கள். மிச்சம் தொங்கும் வாலைக் கீழே இருப்பவர் தள்ளி நின்று பிடித்துக்கொண்டால் ரம்பம் கிளைகளில் மோதாமல் விலகி வரும். ரம்பத்தைக் கைப்பிடியில் கட்டாமல் அதன் வளையத்தில் மாட்ட வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பாருக்கு உறை, சங்கிலிக்கு பிரேக். பேட்டரி ரம்பம் சும்மா இருக்கும்போது சத்தமே போடாது. அதன் சுவிட்சையும் அணைத்தாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது.

மேலே வந்து சேர்ந்த அந்த நொடிதான் சாமான் அதிகம் விழும் நொடி. இழுகயிற்றிலிருந்து கழற்றிவிட்டு ஹார்னஸில் மாட்டக் கூடாது. முதலில் ஹார்னஸில் மாட்டு, இழுத்துப் பார், அப்புறம் கயிற்றைக் கழற்று. இடையில் எந்தக் கணமும் பொருள் வெறும் கையில் இருக்காது.

கயிற்றுக்கும் குறை உண்டு. கீழே இருப்பவர் கிளை இழுத்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். வெட்டிய கிளை இழுகயிற்றின் மேல் விழலாம். மர அரைக்கும் எந்திரம் ஓடும் இடத்தில் தளர்ந்து கிடக்கும் கயிற்று வால் எந்திரத்துக்குள் இழுபடுவது பெரிய ஆபத்து, கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கிறார். வாலை எப்போதும் பையிலோ வாளியிலோ போட்டு, எந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும்.

கயிற்றில் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கக் கூடாத மூன்று பொருள் உண்டு. கைரம்பம், இரண்டாவது பிடிப்புக்கான லான்யார்டு, ரத்தப்போக்கை நிறுத்தும் பொட்டலம். இவை ஏறும்போதே உடம்பில் இருக்க வேண்டும். கடைசியானது குழுவில் எல்லோருக்கும் ஹார்னஸின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மீட்க ஏறி வருபவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.